ஹார்லன் பீலின் பச்சைப் பட்டை

ஹார்லன் பீல் கண்புரை அறுவைக்குச் சம்மதித்தது கண்ணுக்காக அல்ல. தன் புத்தி கழன்றுகொண்டு வருகிறது என்று இரண்டு கோடைகளாக அவருக்கு ஒரு பயம் இருந்தது. அதை மனைவி லியோனாவிடம் சொல்லவில்லை. அவளோ கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொடுத்துவிட்டால் தலைப்பக்கம் வரமாட்டாள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லியோனாவுக்கு முழங்கால் போகும்வரை அவள்தான் படகின் பின்புறம் நின்று இறால் கூடுகளுக்குள் இரை வைத்த பைகளைக் கட்டுவாள், சிங்கி இறாலின் கொடுக்குக்கு ரப்பர் வளையம் போடுவாள். அவள் கரையில் தங்கிய பிறகு ஹார்லன் தனியாகப் போனார். அப்போதுதான் கூடுகள் அவரைக் குழப்ப ஆரம்பித்தன. மத்தி போட்டு இறக்கிய கூடு சிவப்பு மீன் தலையோடு மேலே வரும். இரை வைத்த பையின் வாயில் அவர் போடாத முடிச்சு இருக்கும். கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டுக்குக் கிழக்கே இறக்கியதாக நினைத்த கூடு மேற்கே கிடக்கும். எஞ்சினை ஓடவிட்டு, அந்த மீன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இதை எப்போது வாங்கினோம், யாரிடம் வாங்கினோம் என்று யோசிப்பார். ஒன்றும் ஞாபகம் வராது. கடைசியில் இறாலை எடுத்துக்கொண்டு, மத்தியைப் போட்டு, கதவைக் கட்டி இறக்கிவிட்டு அடுத்த கூட்டின் அடையாள மிதவைக்குப் போய்விடுவார்.

அவருடைய தாய்மாமன் எர்லும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆனார். ஒருநாள் படுக்கை உடுப்போடு படகுத் துறைக்குப் போய், விற்று வெகுகாலம் ஆகிவிட்ட படகை யாரோ திருடிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சண்டை போட்டார். எங்கள் டென்னெட் குடாவில் இன்றும் யாராவது சாவியைத் தொலைத்தால் "எர்ல் ஆயிட்டியா" என்றுதான் கேட்பார்கள். ஹார்லன் அந்தக் கிண்டலுக்கு மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய மிதவைகளின் கம்பில் யாரோ கயிற்றைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள். இந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீ செய்வது எனக்குத் தெரியும், நிறுத்திக்கொள். அடுத்த முறை கயிறே அறுந்திருக்கும். ஹார்லன் தான் என்ன செய்தோம் என்று தலையைப் போட்டு உடைத்துக்கொண்டார். பொடியன்கள் விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு முடிச்சை அவிழ்த்துவிட்டார். ஆனால் கயிறு அறுபடவும் இல்லை. அதுவும் அவருக்குப் புரியவில்லை.

அறுவைக்குப் போனது மாசிப் பனியில், கூடுகளெல்லாம் கரையில் அடுக்கிக் கிடக்கும் காலத்தில். லியோனாதான் பிக்கப்பை ஓட்டினாள். நகரத்து மருத்துவமனையில் முதலில் வந்த நர்ஸ், "இன்னிக்கு எந்தக் கண்ணு, தங்கம்?" என்று கேட்டாள். வலது என்றார். மருந்து விட வந்தவள் அதையே கேட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தவனும் கேட்டான். மயக்க மருந்துக்காரர் கேட்டபோது ஹார்லன் லியோனா பக்கம் திரும்பி, "இவங்களுக்கே தெரியல. வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். லியோனா அவர் தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் டாக்டர் ஹாஸ்கெல் வந்து, அவளும் கேட்டுவிட்டு, வலது புருவத்துக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பேத்தி வயதுதான் இருக்கும்.

ஹார்லனின் மனதில் இருந்தது அவர் அப்பாவுக்கு நடந்த புரை அறுவை. அந்தக் காலத்தில் கண்ணில் பாதி வட்டத்துக்கு வெட்டி, புரையை முழுசாக எடுத்து, தைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போட்டார்கள். பிறகு சோடா பாட்டில் அடிபோல ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் கதவு நிலை வளைந்து தெரியும் என்பார் அப்பா. கடைசிவரை நிலையில் இடித்துக்கொண்டேதான் இருந்தார். மணல் மூட்டை எங்கே என்று ஹார்லன் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கருவிழி ஓரத்தில் ஒரு அரிசி அகலத்துக்கும் குறைவாக ஒரு கீறல், அவ்வளவுதான் என்றாள். அதன் வழியாக ஒரு மெல்லிய குழாய் போகும். காதுக்குக் கேட்காத ஒலியில் அதிர்ந்து புரையை நொறுக்கி, தானே உறிஞ்சிக்கொள்ளும். புரை இருந்த மெல்லிய உறையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் புதிய லென்ஸைச் சுருட்டித் தள்ளினால் அது உள்ளே போய் விரிந்துகொள்ளும். தையல் கிடையாது. தூங்கவைக்கவும் மாட்டார்கள். இவரைப் போன்றவருக்குத் தூரப் பார்வை லென்ஸா, கிட்டப் பார்வை லென்ஸா என்பது ஒன்றுதான் கேள்வி.

"தூரம்," என்றார் ஹார்லன். "எனக்கு மிதவை தெரிஞ்சாப் போதும்."

சொட்டு மருந்தில் கண் மரத்துப் போயிற்று. முகத்தின் மேல் துணி போட்டார்கள். பிறகு நடந்ததை அவரால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நீருக்கு அடியிலிருந்து சூரியனைப் பார்ப்பதுபோல இருந்தது என்றார். ரோஜா நிறமும் நீலமுமாக வெளிச்சங்கள் நீந்தின. இயந்திரம் ஒன்று சுருதி மாற்றி மாற்றி முனகியது. டாக்டர் அவரிடம் பெண் இறாலை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாதிதான் சொல்லியிருப்பார், முடிந்துவிட்டது என்றாள். அவர், "எது?" என்றார்.

மறுநாள் கண்மூடியை எடுத்துப் பரிசோதித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் நுழைந்ததும் ஹார்லன் நின்றுவிட்டார். சுவருக்கு எப்போது வெள்ளை அடித்தாய் என்று கேட்டார். அடிக்கவே இல்லை, இது எப்போதும் வெள்ளைதான் என்றாள் லியோனா. அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். சுவர் பழைய வெண்ணெய் நிறத்துக்குப் போயிற்று. இடது கண்ணைப் பொத்தினார். வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே பனி ஒரு கண்ணுக்குப் பனியாகவும் இன்னொரு கண்ணுக்குத் தேநீர் சிந்திய பனியாகவும் கிடந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் எது நிஜம் என்று தெரியவில்லை. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அறை அறையாகப் போனார்.

"யாரைப் பாத்துக் கண்ணடிக்கிற?" என்றாள் லியோனா.

"உன்னைத்தான்."

"இத்தன வருஷம் கழிச்சா? ரொம்பச் சீக்கிரம்தான்."

குனியாதே, தூக்காதே, தூசியில் போகாதே என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்பது லியோனாவின் சட்டம். ராத்திரி பீன்ஸுக்கு உப்புப் பன்றிக்கறி இல்லை என்று அவள் கடைக்குக் கிளம்பியதும் ஹார்லன் கொட்டகைக்குப் போய்விட்டார். மீனவனுக்குக் குளிர்காலத்தில் கொட்டகைதான் வீடு. கூடு பழுதுபார்ப்பது, கயிறு மாற்றுவது, மிதவைகளுக்கு வர்ணம் பூசுவது எல்லாம் அங்கேதான்.

விளக்கைப் போட்டார். உத்தரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கியவை அத்தனையும் டுவைட் ஆலியின் மிதவைகள்.

டுவைட், சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். கடலிலும் பக்கத்துக்காரர், திட்டுக்கு மேற்கே அவருடைய கூடுகள், கிழக்கே ஹார்லனுடையவை. ஒவ்வொருவருடைய மிதவைக்கும் ஒரு நிறம் உண்டு. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது, குடும்பப் பெயர் மாதிரி. டுவைட்டுக்கு வெள்ளையில் நீலப் பட்டை. ஹார்லனுக்கு வெள்ளையில் பச்சைப் பட்டை. தொங்கிய எல்லாவற்றிலும் நீலப் பட்டை.

தப்பான கொட்டகைக்கு வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். வெளியே போய்க் கதவைப் பார்த்தார். அவருடைய கதவுதான். உள்ளே அவருடைய வானொலி, அவருடைய ரப்பர் பூட்ஸ். அப்படியென்றால் டுவைட்டின் மிதவைகளை அறுத்துக்கொண்டு வந்து இங்கே மாட்டியிருக்கிறேன், அது ஞாபகமும் இல்லை. மாமா எர்ல்கூட இந்த அளவுக்குப் போகவில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் கட்டியது. வலது கண்ணில் கை படக் கூடாது என்பது ஞாபகம் வந்து, அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணை மட்டும் துடைத்தார்.

இடது கண்ணில் எல்லாப் பட்டையும் பச்சை.

வலதைத் திறந்தார், நீலம். மூடினார், பச்சை. ஒரு மிதவையை இறக்கி, அதில் சூட்டுக்கோலால் பொறித்திருந்த உரிம எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய எண்தான். தன் மிதவையின் எண்ணை யாராவது எடுத்துப் படிப்பார்களா? அலையில் ஆடிக்கொண்டு வருவதன் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கொக்கியை நீட்டி இழுப்பார்கள். படிக்க நினைத்திருந்தாலும் அந்தக் கண்ணுக்கு எண் தெரிந்திருக்காது.

மூலையில் உடைந்த மிதவைகளின் குவியல் ஒன்று இருந்தது. படகு விசிறியில் பட்டுப் பிளந்தவற்றை வருஷா வருஷம் அங்கே எறிவது வழக்கம். டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து அவர் குனிந்து கிளறினார். மேலே கிடந்தவை நீலம். அதற்குக் கீழே நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் மயில் கழுத்து மாதிரி. அடியில் கிடந்தவை அசல் ஊசியிலை மரத்துப் பச்சை.

அவர் கடையில் கலந்த வர்ணம் வாங்குகிறவர் இல்லை. பச்சை ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா, நீலம் கொஞ்சம், மூன்றையும் பழைய வாளியில் ஊற்றிக் குச்சியால் கலக்கி, கண்ணுக்குச் சரி என்று படும்வரை சேர்த்துக்கொண்டே போவார். சில வருஷங்களாகப் பச்சை மஞ்சளடித்துப் போனதுபோலத் தெரிந்தது. டப்பாவில் முன்போலத் தரம் இல்லை என்று திட்டிக்கொண்டு நீலத்தைக் கொஞ்சம் கூடச் சேர்த்தார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். மஞ்சளடித்தது டப்பாவில் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

லியோனா வந்தபோது அவர் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் ஒரு மிதவையை நீட்டினார்.

"இது என்ன கலரு?"

"நீலம்."

"எப்பலேர்ந்து?"

"நீ பூசினதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். கொஞ்சம் நீலமா இருக்கேன்னு. என் அப்பன் கலரு எனக்குத் தெரியாதான்னு எரிஞ்சு விழுந்த. அப்புறம் நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? உன் பெயிண்டு, உன் கொட்டகை."

வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தப் பாறைத் திட்டு விஷயமாக டுவைட்டோடு ஏதோ முறைப்பு, அவருடைய நிறத்தை மெல்ல மெல்ல நெருக்கிச் சீண்டுகிறார், ஆண்கள் சண்டை எப்படியாவது போகட்டும் என்று இருந்துவிட்டாளாம். நாற்பது வருஷம் ஒரே படகில் நின்றவள் இப்படி நினைத்திருக்கிறாள் என்பதில் ஹார்லனுக்கு வருத்தம் வந்தது. ஆனால் அதற்குமேல் வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை. சிவப்பு மீன் தலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. டுவைட் எப்போதும் சிவப்பு மீன் தலையைத்தான் இரையாகப் போடுவார்.

அன்று பீன்ஸ் அடுப்பில் தீய்ந்தது. இரண்டு கோடைகளாகத் தனக்குள் வைத்திருந்ததை ஹார்லன் அவளிடம் கொட்டினார். ஞாபக மறதி, மாறிக் கிடந்த கூடுகள், முடிச்சுகள், மாமா எர்ல், எல்லாவற்றையும் சொன்னார். லியோனா முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, கண்தான் ஏமாற்றியது என்று விளங்கியதும் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். ஹார்லனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. எர்ல் இல்லை என்றால், டுவைட்டின் கூடுகளைத் தூக்கிய அவர் வேறு யார்? எங்கள் கரையில் ஒருவன் எதைச் செய்தாலும் காலப்போக்கில் மறந்துவிடுவார்கள். அடுத்தவன் கூட்டைத் தூக்கினவனை மட்டும் அவன் பேரன்வரை சொல்லிக் காட்டுவார்கள். மீன்பிடிச் சட்டத்தைக் காக்கும் கடல் வார்டன் காதுக்குப் போனால் உரிமமும் போகும்.

பேசாமல் வசந்தத்தில் எல்லாவற்றையும் பச்சையாகப் பூசிவிட்டுச் சும்மா இரு என்றாள் லியோனா. அப்படிச் சும்மா இருந்தால் டுவைட் மனதில் தான் யார் என்று கேட்டார் ஹார்லன்.

"புத்தி சரியா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கே போயி அத வீணாக்காத," என்றாள் அவள்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனார்.

டுவைட் ஆலி தன் கொட்டகையில் உட்கார்ந்து கூட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலியின் மேலிருந்த கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தார். ஹார்லன் உட்காரவில்லை.

"போன கோடையில நான் உன் கூட்டைத் தூக்கினேன், டுவைட். அதுக்கு முந்தின கோடையிலயும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பைனாகுலர் எதுக்கு வெச்சிருக்கேன்? வாத்துப் பாக்கவா?"

ஹார்லன் கண்ணைப் பற்றிச் சொன்னார். புரையைப் பற்றி, வாளியைப் பற்றி, பச்சை நீலமானதைப் பற்றி. டுவைட் பின்னுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் கேட்டார். உன்னை ஏன் வார்டனிடம் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறாய் என்று பிறகு கேட்டார். அதுதான் புரியவில்லை என்றார் ஹார்லன்.

"எனக்கும்தான் புரியல. திருடறவன் எடுத்துக்கிட்டு ஓடுவான். நீ என் கூட்டுக்கு உன் மத்தியப் போட்டு, கதவ ஒழுங்காக் கட்டி, எறக்கிட்டுப் போற. எந்தத் திருடன் இரை போட்டுட்டுப் போவான்? முடிச்சுப் போட்டுப் பாத்தேன். அவுத்துட்டு மறுநாளும் வந்து நிக்கிற. அப்பத்தான் தோணுச்சு." டுவைட் தன் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார். "எர்ல் மாதிரின்னு."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. சங்கத்துல மட்டும்."

சங்கம் என்பது துறையிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கம். அங்கே சொன்னால் ஊரில் மிச்சம் யாரும் இல்லை. தான் போய் உட்கார்ந்தால் பேச்சு ஏன் மெதுவாகிறது, ஆட்கள் தன்னிடம் ஏன் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள் என்பது ஹார்லனுக்கு இப்போது விளங்கியது. கோபம் என்று நினைத்திருந்தார். இரக்கமாம். கோபமாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது. நாளைக்கே சங்கத்தில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

டுவைட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு," என்றார். "நீ என்னோடதத் தூக்கினதுக்கு ஈடா, நானும் உன்னோடதத் தூக்கினேன்."

"எவ்வளவு?"

"நீ எடுத்த அளவுக்கு."

"நான் எவ்வளவு எடுத்தேன்?"

"அது உனக்குத்தான தெரியணும்?"

ஹார்லனுக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. தான் தெரியாமல் எடுத்தவன். நல்ல கண்ணோடு, எண்ணைப் படித்துப் பார்த்து, தெரிந்தே எடுத்தவன் டுவைட். ஹார்லன் கண்ணைக் காட்டித் தப்பிப்பார். டுவைட் எதைச் சொல்லித் தப்பிப்பார்? பைத்தியத்தின் கூட்டில் எடுத்தால் அவனுக்கே தெரியாது, கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன் என்றார் டுவைட். குரலில் வெட்கம் இருந்தது. பிறகு கேட்டார், இன்னும் ஒரு வருஷத்துக்கு நீ அப்படியே இருந்துவிடக் கூடாதா?

"எப்படியே?"

"இப்ப எல்லாரும் நினைக்கிற மாதிரி. கண்ணு ஆபரேஷன் ஆச்சு, நல்லாத் தெரியுதுன்னு சொல்லிக்க. கூட்டப் பத்தி மட்டும் பேசாத. ஒனக்கு அதுல என்ன நஷ்டம்? எல்லாரும் உன்கிட்ட நல்லாத்தான நடந்துக்கறாங்க."

ஹார்லன் வீட்டுக்குத் திரும்பினார். அன்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. டுவைட் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. தலை கழன்றவன் என்ற பெயரோடு ஒரு மனிதன் எல்லாவற்றையும் செய்துகொண்டு இருக்கலாம்: சாப்பிடலாம், படகோட்டலாம், வர்ணம் பூசலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் எதையும் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். விடிந்ததும் லியோனாவிடம், சங்கத்துக்குப் போக வேண்டும், நீ வண்டியை ஓட்டு என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தான் உள்ளே வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

குளிர்காலக் காலைகளில் சங்கத்தின் கணப்படுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கணக்குப் பார்க்கும் நோரா காபி போட்டு வைத்திருப்பாள். டுவைட்டும் அங்கே இருந்தார். ஹார்லனைப் பார்த்ததும் கோப்பையைக் குனிந்து பார்த்தார். ஹார்லன் நின்றுகொண்டே சொன்னார். தனக்கு மறதி இல்லை என்றும், கண்ணில் புரை இருந்தது என்றும், அதனால் பச்சை என்று நினைத்து நீலம் பூசிவிட்டதாகவும், தன்னுடையது என்று நினைத்து டுவைட்டின் கூடுகளைத் தூக்கிவிட்டதாகவும் சொன்னார். டுவைட் செய்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்று வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தார்.

நோரா எழுந்து வந்து அவர் முழங்கையை மெல்லப் பிடித்தாள்.

"சரி, ஹார்லன். உக்காரு. சூடா ஒரு காபி குடி."

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. ஹார்லன் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். அந்தச் சுவர் இந்தக் கண்ணுக்கு வெள்ளை, இந்தக் கண்ணுக்கு மஞ்சள், பாருங்கள் என்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து காட்டினார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வார்டனுக்குப் பயந்து எவனும் கனவில்கூடச் சொல்லாததை இவர் வலிய வந்து சொல்கிறார், அதுவும் கண்ணடித்துக்கொண்டே. விளக்க விளக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போவது ஹார்லனுக்கே தெரிந்தது. அடுப்போரம் இருந்த ரஸ், லியோனா வெளியேதான் இருக்கிறாளா, கூப்பிடலாமா என்று நோராவிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். ரஸ் நாற்பது வயதுக்காரன், பெரிய படகுக்குச் சொந்தக்காரன். யாருக்கும் தாழ்ந்து பேசாத அவனே குரலைத் தாழ்த்தியது ஹார்லன் காதில் விழுந்தது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

"அவன் சொல்றது நெசம்," என்றார் டுவைட்.

கோப்பையைப் பார்த்தபடிதான் சொன்னார். நீ பார்த்தாயா என்று நோரா கேட்டாள். பைனாகுலரில் பார்த்தேன், இரண்டு கோடையும் பார்த்தேன் என்றார். மத்தி போட்டு இறக்குகிறவன் திருடன் இல்லை என்று தெரிந்தது, பைத்தியம் என்று முடிவு கட்டினேன், கண் என்று தோன்றவில்லை என்றார். பிறகு எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று ரஸ் கேட்டான். டுவைட் அடுப்புக்குள் பார்த்தார். சொல்லாமலே விட்டிருக்கலாம், யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள்.

"ஏன்னா, நானும் அவனோடதத் தூக்கினேன். பதிலுக்கு."

நோரா ஜன்னலுக்குப் போய், வெளியே வார்டனின் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் காதில் எதுவும் விழவில்லை என்றாள்.

அதிர்ச்சியிலிருந்து முதலில் விடுபட்டது ரஸ்தான். எழுந்து ஹார்லனுக்கு நேராக வந்து நின்றான். குரலைத் தாழ்த்தவில்லை.

"யோவ், என் கூட்டையும் தூக்கினியா?"

"உன்னோடது ஆரஞ்சு. ஆரஞ்சு எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது."

"அத நான் எப்படி நம்பறது? போன ஆகஸ்ட்ல திட்டுப் பக்கம் எனக்கு ஒண்ணுமே விழல."

"திட்டுப் பக்கம் உன்னை யாரு போடச் சொன்னா? அங்க உனக்கு என்ன வேலை?"

"பாத்தியா, பேச்ச மாத்தறான். கெழவன் தெளிவாத்தான் இருக்கான்."

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மிதவையில் சாம்பல் பட்டை போடும் ஒருவன் தன் கணக்கைக் கேட்டான். வேறொருவன் ஹார்லனின் அப்பாவையே இழுத்தான். டுவைட்டுக்கும் நல்ல பங்கு கிடைத்தது. பைத்தியத்திடம் பிடுங்கித் தின்றவன் என்றுகூட யாரோ சொன்னார்கள். ஹார்லன் நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார், சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய காபியில் யாரோ அவரைக் கேட்காமலே சர்க்கரை போட்டிருந்தார்கள். எனக்குச் சர்க்கரை ஆகாது, வேறு போடு என்றார் நோராவிடம். நீயே போட்டுக்கொள், கை இல்லையா என்றாள் அவள்.

வண்டியில் லியோனா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சங்கத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் திருப்பாமல், என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார்.

"நல்லாத் திட்டினாங்க," என்றார்.